முதுகில் ஒரு தட்டு

போன வாரம் மைதானத்துப் பக்கம் வந்திருந்தேன். உங்களில் ஒரு தம்பி செல்போனை நீட்டி, "அண்ணாச்சி, ஐஸ் ஹாக்கி பாத்திருக்கீகளா? அந்தக் கோல்கீப்பரு என்னென்ன மாட்டியிருக்கான் பாருங்க" என்றான். பார்த்தேன். வீட்டில் இருக்கிற மெத்தை தலையணை எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தவன் மாதிரி நின்றான். கீழே வழுவழுவென்று பனிக்கட்டி. விழுந்தால் சறுக்கிக்கொண்டு போகலாம். நாங்கள் விழுந்தது சரளையில். முழங்கைத் தோல் அங்கேயே தங்கிவிடும், நாம் மட்டும் எழுந்து வருவோம். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

அந்தத் தம்பியைக் குறை சொல்லவில்லை. அவன் கேட்ட பிறகுதான் எனக்குப் பழசெல்லாம் கிளம்பிவிட்டது. உங்கள் கேப்டனும், "புதுசா சேர்ந்த பயலுகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் குடுங்க" என்று ரொம்ப நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தார். சரி, எழுதுகிறேன். பந்தை எப்படித் தடுப்பது என்று எழுத மாட்டேன். அதற்குக் கோச் இருக்கிறார், சம்பளம் வாங்குகிறார். நான் எழுதப் போவது என் முன்னால் நின்ற ஒருவனைப் பற்றி. கோல்கீப்பருக்கு ஆட்டம் முழுக்கத் தெரிவது மற்றவர்களுடைய முதுகுதான். அதில் ஒரு முதுகை என்னால் மறக்க முடியாது.

முதலில் நான் இந்தக் கம்பெனிக்கு வந்த கதை. திருத்தங்கலில் எங்கள் அப்பா அச்சாபீஸில் மெஷின்மேன். எனக்கும் அந்த வேலைதான் என்று வீட்டில் முடிவு செய்துவைத்திருந்தார்கள். நான் கோவில்பட்டிப் பக்கம் போய்ப் போய் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தேன். இரண்டாயிரம் பிறந்த புதிதில் இந்தக் கம்பெனி முதலாளிக்கு ஒரு ஆசை வந்தது. பட்டாசுக் கம்பெனி பெயரில் ஒரு ஹாக்கி டீம் வேண்டும். விளையாடுவதற்கு வேலை, வேலைக்குச் சம்பளம். தீபாவளிக்கு முந்தின சீசனில் மட்டும் பந்தைத் தொடக் கூடாது, எல்லாரும் பேக்கிங்குக்குப் போய்விட வேண்டும். மற்ற மாதங்களில் காலையும் மாலையும் மைதானம். பந்தைத் தடுப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்றதும் எங்கள் அப்பா நம்பவில்லை. கம்பெனிக்கே வந்து விசாரித்துவிட்டுத்தான் போனார்.

சேர்ந்த முதல் நாள், பெருமையாகக் கிட் பையோடு கேட்டுக்குள் நுழைந்தேன். வாட்ச்மேன் பையைத் திறந்து பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஹெல்மெட்டில் இரும்புக் கம்பி. ஷூவின் அடியில் இரும்பு ஆணி. "ஏன் தம்பி, பட்டாசு ஆலைக்குள்ள இரும்பக் கொண்டாந்து உரசுறதுக்கா வந்தீக?" என்று கேட்டார். பையும் நானும் வெயிலில் வேப்பமரத்தடியில் நின்றோம். போர்மேன் வந்து, செருப்பைக் கூடக் கழற்றச் சொல்லி, வெறுங்காலோடுதான் உள்ளே விட்டார். இந்த ஊரில் பயத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு, அதைக் கற்றுக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். அன்றைக்கு எனக்கு அதில் கொஞ்சம்தான் தெரிந்தது. மிச்சத்தை மாரிக்கனி தெரியவைத்தான்.

மாரிக்கனி எங்கள் டீமில் பின்வரிசை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கிராமம். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவன், கட்டையான ஆள், கல்யாணமாகியிருந்தது. டீமுக்கு வருவதற்கு முன் அவனுக்கு மருந்து ரூமில் வேலை. மருந்து ரூம் என்றால் வெடிமருந்தைக் கலக்குகிற சின்ன அறை. கம்பெனியிலேயே ஆபத்தான இடம் அதுதான். ஆட்கள் அதிகம் இருக்கக் கூடாது என்பதால் இரண்டு பேர்தான் உள்ளே இருப்பார்கள். தொழிலாளர் விளையாட்டு விழாவில் அவன் ஓடியதைப் பார்த்து எங்கள் கோச் சார் அவனைப் பிடித்துக்கொண்டு வந்தார். டீமில் சேர்ந்தவர்களுக்குப் பேக்கிங் பக்கம்தான் வேலை என்பதால் அவன் மருந்து ரூமை விட்டு வெளியே வந்தான்.

கம்பை அவன் பிடித்த விதத்தைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும், மண்வெட்டி பிடிக்கிற பிடி. ஆனால் அவனைத் தாண்டி ஒருவன் பந்தைக் கொண்டுவந்துவிட்டால் அன்றைக்கு மழை வரும் என்று நாங்கள் கேலி பேசுவோம். விருதுநகர் மாவட்டத்தில் மழை எவ்வளவு வரும் என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் சொந்த மைதானத்தில் நடந்த ஒரு போட்டியின் அரை இறுதி. கோல் சமம். நாங்கள் ஜெயித்ததும் கொளுத்தலாம் என்று சின்ன முதலாளி, அதாவது முதலாளியின் மகன், எங்கள் கம்பெனிச் சரவெடியை மைதானத்து ஓரத்தில், எங்கள் கோலுக்குப் பக்கத்திலேயே விரித்துவைத்திருந்தார். லோடு ஏற்றுகிற ஆட்கள் கையில் ஊதுவத்தியோடு காவல். ஆட்டம் முடிகிற நேரத்தில் எங்களுக்கு எதிராகப் பெனால்டி கார்னர்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் உங்கள் வீட்டில் யாராவது இதைப் படித்தால் புரிய வேண்டுமே. பெனால்டி கார்னர் என்றால், தடுக்கிற பக்கத்தில் கோல்கீப்பரும் இன்னும் நான்கு பேரும் மட்டும் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும், மற்றவர்கள் நடுக்கோட்டுக்குப் போய்விட வேண்டும். எதிராளி ஒருவன் அதே கோட்டின் ஓரத்திலிருந்து பந்தைத் தள்ளுவான். வட்டத்தின் விளிம்பில் இன்னொருவன் அதை நிறுத்தி, மூன்றாமவன் ஓங்கி அடிப்பான். பந்து தள்ளப்படும் வரை நாங்கள் கோட்டைத் தாண்டக் கூடாது. தள்ளியதும் எங்களில் ஒருவன் அடிப்பவனை நோக்கி நேராக ஓடி, தன் உடம்பைக் கொடுத்தாவது மறிக்க வேண்டும். எங்களுக்கு அந்த ஆள் மாரிக்கனி.

கார்னருக்கு நடுவர் விசில் ஊதினார். ஊதுவத்தி வைத்திருந்தவர்களில் ஒருவருக்கு அது ஆட்டம் முடிந்த விசிலாகப் பட்டது. கொளுத்திவிட்டார். பந்து தள்ளப்பட்டதும் சரம் வெடித்தது.

என்னோடு நின்ற நான்கு பேரும் ஆலைத் தொழிலாளர்கள். பக்கத்திலேயே நெருப்பைக் கண்டதும் கம்பைப் போட்டுவிட்டு நாலா பக்கமும் ஓடினார்கள். மூன்று பேர் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியதும் அசடு வழிய நின்றுவிட்டார்கள். மாரிக்கனி நிற்கவில்லை. மைதானத்தைத் தாண்டி, சுற்றுச்சுவரை ஏறிக் குதித்து, ரோட்டுக்கே போய்விட்டான். அச்சு மெஷின் சத்தத்தில் வளர்ந்தவன் நான், எனக்கு அந்தச் சத்தம் ஒன்றும் செய்யவில்லை. நான் மட்டும் கோலில் தனியாக நின்றேன். பந்து எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம், போயிற்று.

நடுவரிடம் முறையிட முடியுமா? வெடித்தது எங்கள் சரவெடி, கொளுத்தியது எங்கள் ஆள், லேபிளில் எங்கள் கம்பெனிப் பெயர். கோல் கோல்தான் என்றார். சுவர் ஏறித் திரும்பி வந்த மாரிக்கனியை நான் கன்னாபின்னாவென்று திட்டினேன். கோல்கீப்பர் திட்டுவான், பின்வரிசைக்காரன் கேட்டுக்கொள்வான், அது ஆட்டத்தில் சேர்த்திதான். அவன் கீழே கிடந்த கம்பைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனான்.

தோற்றதோடு போயிருந்தால் பரவாயில்லை. கதை பரவிவிட்டது. சிவகாசிக்காரன் டீம் வெடிச்சத்தம் கேட்டால் ஓடும் என்று நாங்கள் போன ஊரில் எல்லாம் பேச்சு. சாத்தூரா, ராஜபாளையமா, எந்த ஊர் மைதானமாக இருந்தாலும் எங்கள் கோலுக்குப் பின்னால் நாலு இளவட்டங்கள் லட்சுமி வெடியோடு உட்கார்ந்திருப்பார்கள். கார்னர் என்றால் திரியில் நெருப்பு. மற்ற மூன்று பேரும் சீக்கிரத்தில் பழகிக்கொண்டார்கள். மாரிக்கனியால் முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் ஓடினான். சனம் கைதட்டிச் சிரித்தது.

முதலாளி எங்களைக் கூப்பிட்டுவிட்டார். அப்போது நான்தான் கேப்டன். கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் வியாபாரி.

"ஏப்பா கேப்டன், வெடி செய்யிற ஊரு டீமு வெடிக்கு ஓடுனா எவன்யா நம்ம சரக்க வாங்குவான்? வடக்க இருந்து ஆர்டர் குடுக்கிற ஏஜெண்டு போன் போட்டுச் சிரிக்கான். வர்ற டோர்னமெண்ட்ல அந்தப் பய இன்னொருக்கா ஓடட்டும். டீம விட்டுத் தூக்கிருவேன். பழையபடி மருந்து ரூமுக்குப் போவட்டும்."

அந்த டோர்னமெண்டுக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. கோச் சார் மாரிக்கனியைச் சரிசெய்துவிடலாம் என்று இறங்கினார். அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் கோபித்துக்கொள்கிற மனுஷர், இப்போது கர்த்தருக்குள் இருக்கிறார், அங்கேயும் கோபித்துக்கொள்வார். மிஷன் பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் பயிற்சியின்போது மாரிக்கனிக்குப் பக்கத்தில் ஒரு வெடி, மறுநாள் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் ஒரு வெடி. பழகிவிட்டால் பயம் தெளியும் என்று அவர் கணக்கு. பழகவில்லை. கடைசியில் சோற்றுத் தட்டு கீழே விழுந்தால்கூடத் துள்ளுகிற நிலைக்கு அவன் வந்துவிட்டான்.

ஒரு நாள் கோச் சார் ஊதுவத்தியைத் தரையில் அணைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏலே, நான் செஞ்சது தப்பு. இது பழக்கத்துல போற பயம் இல்ல. வேற என்னமோ இருக்கு. அவன் முதுகப் பாத்துக்கிட்டு நிக்கிறவன் நீதான். நீ போயி விசாரி."

தம்பிகளா, அந்தக் காலத்துக் கோச் ஒருவர் 'நான் செய்தது தப்பு' என்று ஆட்டக்காரனிடம் சொல்வது லேசான காரியம் இல்லை. அவரிடம் நான் கற்றுக்கொண்டதில் பந்து சம்பந்தப்பட்டதை எல்லாம் மறந்துவிட்டேன். இதை மறக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பைக்கை எடுத்துக்கொண்டு மாரிக்கனியின் ஊருக்குப் போனேன். அவன் வீட்டில் இல்லை, தண்ணீர் எடுக்கப் போயிருந்தான். அவன் மனைவி செல்வி இருந்தாள். அவளும் பட்டாசு ஆலைதான், திரி வைக்கிற வேலை. அலுமினியப் பொடி ஒட்டி விரல் நுனியெல்லாம் வெள்ளியாய் மின்னியது.

"வாங்கண்ணே, சாப்பிட்டீகளா?" என்றாள். நான் உட்காருவதற்குள் அடுத்த வார்த்தை வந்துவிட்டது. "அவுகள மறுபடி மருந்து ரூமுக்கு அனுப்பிருவாகளாமே. மெய்தானாண்ணே?"

மழுப்பப் பார்த்தேன். முடியவில்லை. "ஓடாம நின்னா அனுப்ப மாட்டாங்கம்மா" என்றேன்.

"எங்க ரூமுகள்ல சத்தத்துக்கு யாரும் ஓட மாட்டோம்ணே. நாளெல்லாம் எங்கிட்டாவது வெடிச்சுப் பாத்துக்கிட்டேதான இருப்பாக. எல்லாத்துக்கும் ஓடுனா வேலை எப்படி ஓடும்? கூட இருக்கவுக முதுகுல தட்டுவாக. தட்டுனா ஓடிரணும். என்ன ஏதுன்னு கேக்கப்படாது, திரும்பிப் பாக்கப்படாது. யாரு மொத நெருப்பப் பாக்காகளோ அவுக தட்டணும். அதான் எங்க முறை."

"அப்ப இவன் மட்டும் ஏன் சத்தத்துக்கு ஓடுறான்?"

செல்வி வாசலைப் பார்த்தாள். மாரிக்கனி இரண்டு குடத்தோடு வந்துகொண்டிருந்தான். குடத்தை இறக்கிவைத்துவிட்டு, நான் கேட்டதைக் கேட்டவன் போல, அவனே சொன்னான். அவ்வளவு நீளமாக அவன் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"ரூம்புக்குள்ள நானும் எங்க அண்ணனும்தாண்ணே. அண்ணன் மொதப் பாத்துட்டான். என்னயத் தட்டுனான். நான் ஓடிட்டேன். முறைப்படி திரும்பிப் பாக்கல. வரப்புக்கிட்டப் போயி விழுந்த பெறகுதான் சத்தம் கேட்டுச்சு. தட்டுனவன் வெளிய வரலண்ணே." குடத்தைச் சுவரோரம் நகர்த்திவைத்துவிட்டுச் சொன்னான்: "இப்ப எனக்குத் தட்டுறதுக்கு ஆளு இல்ல. அதான் சத்தம் கேட்டதும் காலு தானாப் போயிருது."

சுவர் ஏறிக் குதித்த நாளில் அவனைத் திட்டியது ஞாபகம் வந்தது. வழி எனக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது, கார்னரில் அவன் முதுகுக்குக் கை எட்டுகிற தூரத்தில் நிற்பவன் நான்தானே. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல வரவில்லை. செத்துப்போன அண்ணனின் கையைக் கடன் வாங்கி ஒரு கோப்பை ஜெயிக்க வேண்டுமா என்று மனசு இடித்தது. செல்வி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். கோச் சாரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாளிலிருந்து பயிற்சியில் வெடி கிடையாது.

டோர்னமெண்ட் வந்தது. எப்படியோ இறுதி ஆட்டம் வரை போய்விட்டோம். எங்கள் அதிர்ஷ்டம், வழியில் பெனால்டி கார்னர் அதிகம் விழவில்லை. விழுந்தவற்றை மாரிக்கனியை நடுக்கோட்டுக்கு அனுப்பிவிட்டு வேறு ஆளை வைத்துச் சமாளித்தோம். அது மறைக்கிற வேலைதான் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இறுதி ஆட்டம் வெளியூர் டீமோடு. அவர்களிடம் அடிப்பதற்கென்றே ஒரு ஆள் இருந்தான், பந்து அவன் கம்பில் பட்டால் கண்ணுக்குத் தெரியாது. முதல் பாதியில் ஒரு கார்னர். மறிக்க ஓடிய எங்கள் மாற்று ஆள் பாதி வழி போவதற்குள் பந்து கோல் பலகையில் அடித்துவிட்டது, கோல். மாரிக்கனியின் வேகம் அவனுக்கு இல்லை. பிறகு நாங்கள் இரண்டு கோல் போட்டு முந்தினோம். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் அவர்களுக்கு மறுபடியும் கார்னர்.

அன்றைக்கு யோசிக்க எனக்குக் கிடைத்த நேரம், ஹெல்மெட்டை இறுக்குகிற நேரம்தான். மெதுவான ஆளை வைத்தால் கோல் நிச்சயம். வேகமான ஆளை வைத்தால் அவன் எந்தப் பக்கம் ஓடுவான் என்று நிச்சயம் இல்லை. ஓடிவிட்டால் அவன் வாழ்க்கை மருந்து ரூமுக்குப் போய்விடும். கோப்பை ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம் என்று பார்த்தால் அவனை நடுக்கோட்டுக்கு அனுப்புவதுதான் நல்ல மனுஷன் செய்கிற வேலை என்று பட்டது. கையைத் தூக்கி அவனைப் போகச் சொன்னேன். அவன் போகவில்லை. கோட்டுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டான்.

பின்னால் இளவட்டங்கள் தயாராக இருந்தார்கள். பந்து தள்ளுவதற்கு முன்பே வெடி வெடித்தது. மாரிக்கனியின் கால் பாய்ந்துவிட்டது. ஆனால் வெளியே ஓடவில்லை, கோட்டைத் தாண்டி இரண்டு எட்டு முன்னால் போய், பல்லைக் கடித்துக்கொண்டு தன்னைத் தானே நிறுத்திக்கொண்டான். நடுவர் விசில் ஊதி, கார்னரைத் திரும்ப எடுக்கச் சொன்னார். என்னைக் கூப்பிட்டு, "இன்னொரு முறை முன்னாலேயே ஓடினால் பெனால்டி ஸ்ட்ரோக் கொடுத்துவிடுவேன்" என்று எச்சரித்தார். ஸ்ட்ரோக் என்றால் அடிக்கிறவனும் நானும் மட்டும், மறிக்க ஆள் கிடையாது. வெடி போட்டவர்களையும் விரட்டச் சொன்னார். அவர்கள் பத்தடி தள்ளிப் போய் மறுபடி உட்கார்ந்தார்கள்.

பந்தலுக்குள்ளிருந்து முதலாளி எழுந்து வந்துவிட்டார். "கேப்டன், அவன மாத்து. நடுக்கோட்டுக்கு அனுப்பு. சொல்றது காதுல விழுதா?" என்று கத்தினார். காதில் விழுந்தது. சம்பளம் கொடுக்கிறவர் சொன்னால் விழாமல் இருக்குமா?

மாரிக்கனி எனக்கு இடப்பக்கம் வந்து நின்றான். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. முதுகை மட்டும் என் கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்திக் கொடுத்தான்.

"அண்ணே, தட்டுங்க. நீங்க தட்டுனா மட்டும் போறேன்."

"மாரிக்கனி..."

"எங்க அண்ணன் கோவிச்சுக்கிட மாட்டான். தட்டுங்கண்ணே."

பந்தலைப் பார்க்காமல் திரும்பி நின்றேன். இடது கையைக் கையுறையோடு அவன் முதுகில் வைத்தேன். பந்து தள்ளுகிறவனின் கையைப் பார்த்தேன். அவன் குனிந்தான். பின்னால் வெடித்தது, அதுவும் இரண்டு. என் உள்ளங்கைக்குக் கீழே அந்த முதுகு கிடுகிடுவென்று நடுங்கியது. ஜுரம் வந்த பிள்ளையின் உடம்பு அப்படி நடுங்கும். ஆனால் நகரவில்லை. தள்ளுகிறவனின் மணிக்கட்டு திரும்பியது. தட்டினேன்.

அப்படி ஒரு ஓட்டத்தை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. அடிக்கிற ஆள் கம்பை ஓங்கி இறக்குவதற்கும் இவன் போய்ச் சேர்வதற்கும் சரியாக இருந்தது. பந்து அவன் முழங்காலுக்கு மேலே அடித்து, பக்கவாட்டில் எகிறி, மைதானத்துக்கு வெளியே போனது. மாரிக்கனி கீழே கிடந்தான். அடிக்கிற ஆள்தான் முதலில் குனிந்து அவனுக்குக் கை கொடுத்தான்.

கொஞ்ச நேரத்தில் விசில், ஆட்டம் முடிந்தது. முதலாளி மைதானத்துக்குள் வந்து, வீங்கியிருந்த காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சொன்ன பேச்சக் கேக்க மாட்டே, என்ன?" என்றார். அப்புறம் பக்கத்தில் நின்ற போர்மேனிடம், "இவன் மருந்து ரூம்பு பக்கம் தல காட்டுனான்னா உன்னயத்தான் கேப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குச் சரவெடி கொளுத்த வேண்டாம் என்று சின்ன முதலாளி தானாகவே சொல்லிவிட்டார். ஜெயித்த டீம் சத்தமில்லாமல் வேன் ஏறியது.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் நாங்கள் சேர்ந்து ஆடினோம். கார்னர் என்றால் அவன் முதுகு, என் கை. அதைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லை. எதிர் டீமில் சிலர் அது ஏதோ சாமி கும்பிடுகிற சடங்கு என்று நினைத்துக்கொண்டார்கள். நாங்களும் இல்லை என்று சொல்லவில்லை. கூட்டத்துக்கும் வெடி போட்டு அலுத்துப்போய்விட்டது. செல்வி திரி வைக்கிற வேலையை விட்டுவிட்டு ஊரிலேயே ஒரு சின்னக் கடை போட்டாள். நான் போனால் காசு வாங்க மாட்டாள், அதனாலேயே அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். அந்த நாட்களை நினைத்தால் கரிசல் புழுதி வாசனை இப்போதும் மூக்கில் வருகிறது. வேனில் இடமில்லாமல் ஒருத்தர் மடியில் ஒருத்தர் உட்கார்ந்து வந்ததும், கோச் சார் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து ஞானப்பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்ததும் நேற்று மாதிரி இருக்கிறது. அதைவிடச் சந்தோஷமாக நான் எங்கேயும் பயணம் போனதில்லை.

கடைசியாக ஒன்று. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

கோல்கீப்பருக்கு வயதாவது முதலில் கோல்கீப்பருக்குத் தெரியாது. என் முழங்கால் மடங்க மாட்டேன் என்றது. கீழே வருகிற பந்துகளைக் காலால் தடுப்பதற்குப் பதில் வாயால் தடுத்துக்கொண்டிருந்தேன். அதாவது பின்வரிசையைத் திட்டிக்கொண்டிருந்தேன். கோச் சார் போய்விட்டார். முதலாளி உடம்புக்கு முடியாமல் மைதானத்துக்கு வருவதில்லை. புதுப் பையன்களுக்கு என்னிடம் சொல்லப் பயம். என்னை யார் வெளியே அனுப்புவது? வெளியே போய் நான் யாராக இருப்பேன் என்கிற பயம் எனக்கு. கோலும் எனக்கு ஒரு மருந்து ரூமாகிவிட்டது, பிடித்த ரூம், அவ்வளவுதான் வித்தியாசம்.

விருதுநகரில் ஒரு சாதாரண ஆட்டம். முதல் பாதியில் என் கால்களுக்கு நடுவில் ஒரு பந்து போனது. பள்ளிக்கூடப் பிள்ளை தடுத்துவிடுகிற பந்து. இடைவேளையில் குனிந்து காலில் பேடு வாரை இறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து முதுகில் ஒரு தட்டு விழுந்தது. பலமாக இல்லை, ஆனால் சந்தேகமில்லாத தட்டு.

யார் என்று பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. என்ன ஏது என்று கேட்கக் கூடாது, அதுதான் முறை. வாரை அவிழ்த்தேன். ஹெல்மெட்டை இரண்டாவது கோல்கீப்பரிடம் கொடுத்தேன். அவன் திகைத்துப்போய் வாங்கிக்கொண்டான். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி நடந்தேன். கண்ணில் நீர் முட்டியது, துடைக்கவில்லை.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதும் முறைதான். நான் அச்சாபீஸ்காரன் மகன், அந்த ஒன்றை மட்டும் மீறினேன். திரும்பிப் பார்த்தேன். மாரிக்கனி கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு, ஜெர்சியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எனக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான். அவனிடம் இன்னும் ரெண்டு மூன்று வருஷ ஆட்டம் மிச்சம் இருந்தது.

"நீ ஏம்லே வர்றே?" என்றேன்.

"தட்டுனவனும் வெளிய வரணும்லண்ணே" என்றான்.